தானிய மணி உருவாவதைப் படியெடுத்தல் காரணிகள் எவ்வாறு நெறிப்படுத்துகின்றன?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. நெற்பயிரின் இலையிலும் வேரிலும் மணியிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான் என்றால், மணியில் மட்டும் தரசமும் (மாவுச்சத்தும்) சேமிப்புப் புரதமும் குவிவது எப்படி, அதில் படியெடுத்தல் காரணிகள் செய்யும் வேலை என்ன என்பது முதற்பகுதி. அந்தக் காரணிகளில் ஒன்றை மாற்றியமைத்துத் தானியத்தின் சத்தைக் கூட்டிவிட முடியாதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பாடநூல்கள் தரும் விடை, 'காரணி என்பது மரபணுவைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்' என்பதாகும். தொடக்கப் புரிதலுக்கு அது உதவும் என்றாலும், அந்த உவமையோடு நின்றுவிட்டால் இரண்டாவது கேள்விக்குத் தவறான விடைக்கே போய்ச் சேருவோம். தானிய மணியைப் பொறுத்தவரை ஒரு காரணி ஒரு வேலையை மட்டும் தனியாகச் செய்வதில்லை. பல காரணிகள் அடுத்தடுத்து உட்கார்ந்து கூட்டாக முடிவெடுக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கையில் வைத்திருக்கிறது. இதை மக்காச்சோளம், நெல், கோதுமை ஆகிய மூன்றிலும் நன்கு ஆராயப்பட்ட சில காரணிகளைக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் மணியின் அமைப்பை மனத்தில் கொள்ள வேண்டும். பூத்து ஏழெட்டு நாளான நெல்மணி ஒன்றைக் கதிரிலிருந்து பறித்து நகத்தால் அழுத்தினால் வெண்ணிறப் பால் வெளிவரும். அந்தப் பால், மணியின் உணவுச் சேமிப்புப் பகுதியான கருவூணின் செல்களுக்குள் அப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கும் தரசத் துகள்கள் நீரில் மிதக்கும் நிலையே ஆகும். மகரந்தம் கொண்டுவரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூணாகிறது. ஆகவே கருவூண் செல்லில் தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று என மூன்று மரபணுத் தொகுதிகள் இருக்கின்றன. முதல் ஓரிரு நாட்கள் அதன் உட்கருக்கள் இடையே சுவர் எழுப்பாமல் பெருகுகின்றன. பிறகுதான் செல்சுவர்கள் தோன்றி, வெளிவரிசை அலியூரான் அடுக்காகவும் உள்ளே இருப்பவை தரசம் நிரப்பும் செல்களாகவும் பிரிகின்றன. மணி முற்றிக் காயும்போது தரசச் செல்கள் இறந்துவிடுகின்றன. அலியூரானும் கருவும் மட்டும் உயிரோடு காத்திருக்கின்றன. இவற்றைப் போர்த்தியிருக்கும் தவிட்டுத் தோலும் உமியும் முழுக்க முழுக்கத் தாய்ச்செடியின் திசுக்கள். நாம் ஒரு மணி என்று கையில் எடுப்பதில் மூன்று வேறுபட்ட மரபியல் அமைப்புகள் ஒட்டி வாழ்கின்றன என்பதை மறந்துவிட்டால், பின்னால் வரும் பல செய்திகள் குழப்பமாகத் தோன்றும்.

படியெடுத்தல் காரணி என்பது ஒரு புரதம். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் புரோமோட்டர் எனப்படும் முகப்புப் பகுதி ஒன்று இருக்கிறது. அந்த மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படி எடுக்கப்பட வேண்டுமா, எந்தத் திசுவில், எவ்வளவு என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிறது. முகப்பில் டிஎன்ஏ எழுத்துகளில் ஆறு, ஏழு நீளமுள்ள குறுந்தொடர்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு காரணியும் தனக்குரிய தொடரை அடையாளம் கண்டு அதன்மேல் அமர்கிறது. அமர்ந்தபின் படியெடுக்கும் நொதியை வரவழைக்கலாம், அல்லது வரவிடாமல் தடுக்கலாம். நெல்லில் இத்தகைய காரணிகளுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. புரத அமைப்பை ஒட்டி அவற்றைப் பிஜிப், டாஃப், மிப், நாக், பி3 என்று குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். பிஜிப் குடும்பத்தில் மட்டும் நெல்லுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு.

கோதுமையிலும் பார்லியிலும் சேமிப்புப் புரத மரபணுக்களின் முகப்பை 1980களில் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், படியெடுப்பு தொடங்கும் இடத்துக்கு ஏறக்குறைய 300 எழுத்து முன்னால் ஒரே மாதிரியான ஒரு பகுதி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அதற்குக் 'கருவூண் பெட்டி' என்று பெயரிட்டார்கள். அதற்குள் இரண்டு குறுந்தொடர்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று டி-ஜி-டி-ஏ-ஏ-ஏ-ஜி, இதில் டாஃப் குடும்பக் காரணி அமர்கிறது. மற்றொன்று டி-ஜி-ஏ-ஜி-டி-சி-ஏ என்பதும் அதை ஒத்தவையும். இதில் பிஜிப் குடும்பக் காரணி அமர்கிறது. 1987-இல் கோதுமையின் இத்தகைய முகப்பை எடுத்துப் புகையிலைச் செடியில் பொருத்திப் பார்த்தபோது, அங்கும் அது இலையிலோ தண்டிலோ வேலை செய்யாமல் விதையின் கருவூணில் மட்டுமே வேலை செய்தது. புல் இனத்துக்கும் புகையிலைக்கும் பல கோடி ஆண்டுப் பிரிவு இருந்தும், இந்த முகவரியைப் படிக்கத் தெரிந்த புரதங்கள் இரண்டிலும் இருந்திருக்கின்றன. இந்த ஒரு சோதனையை நான் எப்போதும் வியப்போடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த முகவரியில் அமரும் பிஜிப் காரணியின் கதை மக்காச்சோளத்தில் தொடங்குகிறது. ஒபேக்-2 என்ற சடுதிமாற்றம் அமெரிக்க மரபியலாளர்களுக்கு 1930களிலிருந்தே தெரியும். சாதாரண மக்காச்சோள மணியை விளக்குக்கு மேல் வைத்துப் பார்த்தால் ஓரங்கள் கண்ணாடிபோல் ஒளியைக் கடத்தும். ஒபேக்-2 மணி சுண்ணாம்புக் கட்டிபோல் ஒளியை அடைத்துக்கொண்டு இருண்டு நிற்கும். குறுக்கே வெட்டினால் முதலாவது கத்திக்கு எதிர்த்து நின்று உடையும், இரண்டாவது மாவாக உதிரும். நீண்ட காலம் இது வெறும் அடையாளப் பண்பாகவே கருதப்பட்டது. 1964-இல் இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ், லின் பேட்ஸ், ஆலிவர் நெல்சன் ஆகியோர் இந்த மணியின் அமினோ அமிலங்களை அளந்து, இதில் லைசின் சாதாரண மணியைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதாக அறிவித்தார்கள். லைசின் மனித உடல் தானே ஆக்கிக்கொள்ள முடியாத அமிலம். மக்காச்சோளத்தையே முதன்மை உணவாக உண்ணும் ஏழைக் குழந்தைகளுக்கு நேரும் புரதக் குறைபாட்டுக்கு அதன் பற்றாக்குறையே பெருங்காரணம். அடுத்த ஆண்டு எலிகளுக்கு இந்த மணியை உணவாகக் கொடுத்தபோது, சாதாரண மணியைத் தின்ற எலிகளைவிட அவற்றின் எடை மூன்று மடங்குக்கு மேல் கூடியது. உலகம் முழுவதும் பெரும் நம்பிக்கை எழுந்தது. இந்தியாவில் 1971-இலேயே சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற மூன்று ஒபேக்-2 ரகங்கள் வெளியிடப்பட்டன.

இதன் உள்ளே நடப்பது என்ன என்பது 1987-இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்ட பின்னர்தான் துலங்கியது. ஒபேக்-2 என்பது கருவூணில் மட்டும் உருவாகும் ஒரு பிஜிப் காரணி. மக்காச்சோளத்தின் முதன்மைச் சேமிப்புப் புரதமான ஆல்ஃபா சீயின்களின், குறிப்பாக 22 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ள வகையின், மரபணு முகப்பில் அமர்ந்து படியெடுப்பைப் பன்மடங்கு உயர்த்துவது அதன் கண்ணுக்குத் தெரியும் வேலை. சீயினில் லைசின் ஏறக்குறைய இல்லவே இல்லை. காரணி பழுதுபட்டால் சீயின் வீழ்கிறது; அதன் இடத்தை லைசின் உள்ள பிற புரதங்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன; ஆகவே மொத்தப் புரதத்தில் லைசினின் பங்கு உயர்கிறது. இதோடு முடிந்திருந்தால் சுவிட்ச் உவமையே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் இதே காரணி லைசினைச் சிதைக்கும் நொதியின் மரபணுவையும் தூண்டுகிறது. அது இல்லாதபோது சேர்ந்த லைசின் அழியாமல் தங்குகிறது, இது எதிர்பாராத நன்மை. செல்லின் வேதிவினைகளில் இடைப்பொருளான பைருவேட்டைக் கையாளும் ஒரு முக்கிய நொதியின் மரபணுவையும், பூசணத்துக்கும் பூச்சிக்கும் எதிரான காப்பில் பங்குள்ள ஒரு புரதத்தின் மரபணுவையும் அதே காரணியே இயக்குகிறது. இது எதிர்பாராத தீமை. சீயின் குறைந்ததால் புரத உருண்டைகள் சிறுத்து, தரசத் துகள்களுக்கு இடையே இறுக்கமான பிணைப்பு உண்டாகாமல் மணி மிருதுவானது. எடை குறைந்தது, உரிக்கும்போது உடைந்தது, களத்தில் கதிரழுகலுக்கும் குதிரில் வண்டுக்கும் எளிதில் இரையானது. உழவர்கள் கைவிட்டார்கள். அது அவர்களுடைய பழமைவாதம் என்று சிலர் எழுதியதை ஏற்க முடியாது. எடைபோட்டு விற்றுப் பிழைப்பவர்கள் எடுத்திருக்கக்கூடிய ஒரே முடிவு அதுதான்.

மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தில் சுரிந்தர் வாசல் என்ற இந்திய இனப்பெருக்கவியலாளரும் எவாஞ்செலினா வில்லேகாஸ் என்ற மெக்சிகோ உயிர்வேதியியலாளரும் இந்தச் சிக்கலைக் காரணியைத் திருத்தாமலேயே அவிழ்த்தார்கள். ஒபேக்-2 பழுது அப்படியே இருக்க, மணியை மீண்டும் கெட்டியாக்கும் துணை மரபணுக்களை ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மணியை ஒளிமேசையில் வைத்துக் கடினத்தைப் பார்த்து, உடனே ஆய்வகத்தில் லைசினையும் அதைப் போன்ற இன்னொரு இன்றியமையாத அமிலமான டிரிப்டோபேனையும் அளந்து, இரண்டும் ஒன்றாக உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இப்படி உருவான தரப் புரத மக்காச்சோளத்துக்காக இருவருக்கும் 2000-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அந்தத் துணை மரபணுக்களுள் முதன்மையானது காமா சீயின் மரபணு ஒன்று இரட்டித்திருப்பதுதான் என்று பிற்பாடு தெரியவந்தது. அந்தப் புரதம் மிகுந்து, குறைந்த ஆல்ஃபா சீயினின் பிணைப்பு வேலையைத் தான் செய்கிறது. இதே வழியில், மரபணுவின் இருப்பைக் காட்டும் டிஎன்ஏ அடையாளங்களான மரபுக்குறிகளைக் கொண்டு தேர்ந்தெடுத்து உத்தராகண்டின் அல்மோராவில் உருவாக்கப்பட்ட விவேக் க்யூபிஎம்-9 என்ற கலப்பினம் 2008-இல் இந்தியாவில் வெளியானது. 1964-இலிருந்து கணக்கிட்டால், ஒரே ஒரு காரணியின் பக்கவிளைவுகளைச் சரிக்கட்ட ஏறத்தாழ ஒரு தலைமுறைக் கால உழைப்பு தேவைப்பட்டது.

ஒபேக்-2 தனியாகவும் வேலை செய்வதில்லை. கருவூண் பெட்டியில் அதன் பக்கத்துத் தொடரில் அமரும் டாஃப் காரணியோடு அது நேரடியாகக் கைகோக்கிறது என்பது 1997-இல் காட்டப்பட்டது. இந்தக் கூட்டை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் நெல். ஜப்பானில் ட்சுகுபாவிலுள்ள பூமியோ தகைவாவின் குழு, நெல்லில் ஒபேக்-2-க்கு ஒப்பான ரிஸ்பிஜிப்-1 என்ற பிஜிப் காரணியையும், ஆர்பிபிஎஃப் என்ற டாஃப் காரணியையும் தனித்தனியாகவும் சேர்த்தும் தணித்துப் பார்த்தது. ஒன்றை மட்டும் தணித்தால் சேமிப்புப் புரதங்கள் சற்றே குறைந்தன. மற்றொன்று குறையைப் பெரும்பாலும் நிரப்பிவிட்டது. இரண்டையும் ஒருசேரத் தணித்தபோது நெல்லின் முதன்மைச் சேமிப்புப் புரதமான குளுட்டெலின் உள்ளிட்ட பெரும்பாலான சேமிப்புப் புரதங்கள் வெகுவாக வீழ்ந்தன. ஒரு மரபணுவைச் சிதைத்துப் பார்த்து விளைவு இல்லை என்றதும் 'இதற்கு வேலை இல்லை' என்று முடிவு கட்டும் பழக்கத்துக்கு இந்தச் சோதனை நல்ல மறுமொழி. குளுட்டெலின் மரபணுவின் முகப்பிலேயே இதற்கான காரணம் இருக்கிறது: பிஜிப், டாஃப், மிப் குடும்பக் காரணிகள் அமரும் தொடர்கள் அங்கே வரிசையாக உள்ளன, அவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தால் கருவூணில் படியெடுப்பு நடப்பதில்லை. சாவி ஒன்றல்ல, பல சாவிகள் சேர்ந்து திருகினால்தான் திறக்கும் பூட்டு என்று சொல்லலாம்.

இதே ரிஸ்பிஜிப்-1 தரசத்தின் பக்கமும் கால் வைத்திருக்கிறது. சீன ஆய்வாளர்கள் பிஜிப்-58 என்று அழைப்பது இதே காரணியைத்தான். அது தரசத்தின் ஒரு வகையான அமைலோஸை ஆக்கும் வாக்ஸி மரபணுவின் முகப்பிலும், தரசக் கிளைகளை அமைக்கும் நொதிகளின் முகப்பிலும் அமர்வதை 2013-இல் அவர்கள் காட்டினார்கள். அது இல்லாத நெல்லில் தரசமும் அமைலோஸும் குறைந்து, மணியின் வயிற்றுப் பக்கம் வெள்ளை படர்ந்தது. அரவை ஆலைக்காரர்கள் அரிசியை உள்ளங்கையில் பரப்பி, நடுவே சுண்ணாம்பு வைத்தாற்போல் தெரியும் மணிகளை விரலால் ஒதுக்கிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வெள்ளைப் பகுதியில் தரசத் துகள்கள் உருண்டையாகத் தளர்ந்து கிடக்கின்றன. இடையிலுள்ள காற்றிடைவெளி ஒளியைச் சிதறடிக்கிறது. அரைக்கும்போது மணி அந்த இடத்தில்தான் முறிந்து குருணையாகிறது. பால் பிடிக்கும் நாட்களில் வெப்பம் மிகுந்தால் இவ்வகை மணிகள் பெருகும் என்பது உழவர் அனுபவம். அதற்கான ஒரு காரணம் 2020-இல் வெளிவந்தது: வெப்பத்தில் பிஜிப்-58-இன் ஆர்என்ஏ வேறுவிதமாக வெட்டி ஒட்டப்பட்டு, குறைந்த ஆற்றலுள்ள குட்டைப் புரதம் உருவாகிறது. மரபணுவில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. வெயில் மட்டுமே அந்தக் காரணியை ஊனமாக்குகிறது. வெப்பம் கூடிவரும் காலத்தில் இது நெல் ஆராய்ச்சியில் முதலிடம் பெற வேண்டிய செய்தி என்பது என் உறுதியான கருத்து.

சர்க்கரை வந்து சேர்ந்தால்தானே தரசம்? இலையில் உண்டான சுக்ரோஸ் கருவூணுக்குள் நுழையும் வாயிலில் அலியூரான் செல்கள் இருக்கின்றன. அங்கே என்எஃப்-ஒய்பி1 என்ற காரணி சுக்ரோஸ் கடத்திப் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது, அது குன்றினால் மணி சரியாக நிரம்புவதில்லை. மக்காச்சோள மணியின் அடியில் இதே வேலைக்கென்றே அமைந்த கடத்தல் செல்களை எம்ஆர்பி-1 என்ற மிப் வகைக் காரணி உருவாக்குகிறது. நாக் குடும்பத்திலும் நெல்லுக்கு இரண்டு, மக்காச்சோளத்துக்கு இரண்டு என இணைகள் தரசத்தையும் புரதத்தையும் சேர்த்தே நெறிப்படுத்துவது அண்மையில் அறியப்பட்டுள்ளது. மாறாக, ஆர்எஸ்ஆர்-1 என்ற நெல் காரணி தரச மரபணுக்களை அடக்கி வைக்கிறது. ஊக்குவிப்பவை மட்டுமே முக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறேன்.

நிரப்பும் வேலை முடிந்ததும் மணி காய வேண்டும். கரு முளைக்காமல் உறங்க வேண்டும். இந்தக் கட்டத்தின் தலைமைக் காரணி மக்காச்சோளத்தில் விவிபாரஸ்-1 எனப்படும் பி3 குடும்பப் புரதம். இதன் பழுது உள்ள செடி ஒன்றின் கதிரை உரித்துப் பார்த்தால் மறக்க முடியாது: ஊதா நிற மணிகளுக்கு நடுவே, ஏறத்தாழ நான்கில் ஒன்று வெளிறி நிறமின்றி இருக்கும், அந்த வெளிறிய மணிகளிலிருந்தே பச்சை முளைகள் தோகைக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். நிறமும் உறக்கமும் ஏன் ஒன்றாகத் தொலைகின்றன? அப்சிசிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியின் சைகையை ஏற்று, விவிபாரஸ்-1 இரண்டு திசைகளில் கட்டளை இடுகிறது. ஒரு திசையில், உலர்தலைத் தாங்க உதவும் காப்புப் புரதங்களின் மரபணுக்களையும், ஊதா நிறமியை ஆக்கும் சி-1 என்ற இன்னொரு காரணியின் மரபணுவையும் தூண்டுகிறது. மறுதிசையில், தரசத்தைக் கரைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. ஒரே புரதம் சில முகப்புகளில் தூண்டியாகவும் வேறு சில முகப்புகளில் தடையாகவும் இருப்பது இதில்தான் தெளிவாக நிறுவப்பட்டது. இந்த மரபணு 1989-இல் டொனால்ட் மக்கார்ட்டியின் குழுவால் பிரித்தெடுக்கப்பட்டது.

கோதுமையில் இதற்கு இணையான மரபணுக்கள் மூன்று மரபணுத் தொகுதிகளிலும் இருக்கின்றன; ஆனால் அவற்றின் ஆர்என்ஏ பெருமளவு தவறாக வெட்டப்பட்டு, முழுமையான புரதம் குறைவாகவே கிடைக்கிறது என்று 2002-இல் தெரியவந்தது. அறுவடைக்கு முன் மழை பெய்தால் கோதுமை கதிரிலேயே முளைவிடுவதற்கு இது ஒரு காரணமாகும். காவிரிப் படுகையில் குறுவை நெல் முற்றி நிற்கும்போது அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை முந்திக்கொண்டால், சாய்ந்து நீரில் கிடக்கும் கதிர்கள் சில நாட்களிலேயே முளைகட்டிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு, விதை உறக்கம் என்பது ஏட்டுச் செய்தி அல்ல என்பது தெரியும். உறக்கம் மிகுந்தால் அடுத்த பட்டத்துக்கு விதைத்தது சீராக முளைக்காது. குறைந்தால் கதிரிலேயே முளைக்கும். பயிராக்கிய காலம் முதல் உழவர்கள் விதைத்தவுடன் முளைப்பவற்றையே தேர்ந்து வந்ததால், தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

அந்தச் சாய்வில் ஒரு படியெடுத்தல் காரணிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. காட்டு நெல்லும் மாப்பிள்ளைச் சம்பா போன்ற மரபு நெல்களும் சிவப்புத் தவிட்டுத் தோல் கொண்டவை. அந்தச் சிவப்புக்கு ஆர்சி என்ற காரணி இயங்க வேண்டும். உலகின் வெள்ளை அரிசிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன என்பதை 2006-இல் கண்டார்கள்; ஒரே இடத்தில் நேர்ந்த அந்த விடுபாடு மனிதர்களின் விருப்பத்தோடு ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. 2011-இல் களை நெல்லை ஆராய்ந்தவர்கள், இதே ஆர்சி அப்சிசிக் அமிலம் உருவாவதையும் உயர்த்தி, விதை உறக்கத்தை ஆழப்படுத்துகிறது என்று நிறுவினார்கள். வெள்ளை அரிசியை விரும்பித் தேர்ந்தவர்கள், தம்மை அறியாமலேயே உறக்கத்தின் ஒரு பகுதியையும் களைந்திருக்கிறார்கள். சிவப்பு மணி எல்லாமே கதிரில் முளைக்காது என்று இதிலிருந்து பொதுவிதி எடுக்கக் கூடாது. உறக்கத்தில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. கருப்பரிசியின் கதை வேறு. அங்கே நிறமிக் காரணி ஒன்றின் முகப்பு மாறியமைந்து, அது இயங்க வேண்டாத தவிட்டுத் தோலில் இயங்கத் தொடங்கியதே கருமைக்கு அடிப்படை.

விதைத்தபின் நடப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கருவிலிருந்து ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி அலியூரானை எட்டியதும் அங்கே ஜிஏமிப் என்ற காரணி பெருகி, விவிபாரஸ்-1 அடக்கி வைத்திருந்த அதே அமைலேஸ் மரபணுக்களின் முகப்பில் அமர்ந்து அவற்றைத் திறந்துவிடுகிறது. பார்லியில் இந்த ஜிஏமிப், மணி நிரம்பும்போது சேமிப்புப் புரத மரபணுக்களையும் தூண்டுகிறது. சேர்க்கும் காலத்தில் சேர்ப்பவன், கரைக்கும் காலத்தில் கரைப்பவன். உடன் அமரும் துணைகள் மாறும்போது அதன் வேலையும் மாறிவிடுகிறது.

மணியின் அளவையும் சத்தையும் தீர்மானிக்கும் சில காரணிகள் மணிக்கு வெளியே இயங்குகின்றன. நெல்லின் அகலம் பெரும்பாலும் உமியின் அகலத்தால் வரையறுக்கப்படுகிறது. உமியோ பூக்கும் முன்பே அமைந்துவிடுகிறது. ஜிடபிள்யூ-8 என்ற காரணி அங்கே செல்பிரிவை ஊக்குவித்து மணியை அகலப்படுத்துகிறது. பாஸ்மதியில் அதன் முகப்பு மாறி வெளிப்பாடு குன்றியிருப்பதே அந்த அரிசியின் மெலிந்த வடிவுக்கு ஒரு காரணம் என்று 2012-இல் கண்டார்கள். கோதுமையில் நாம்-பி1 என்ற நாக் குடும்பக் காரணி, கதிரை ஒட்டிய கடைசி இலையான கொடியிலையின் முதுமையை நடத்துகிறது. இலை உரிய காலத்தில் பழுத்தால்தான் அதிலுள்ள நைட்ரஜனும் துத்தநாகமும் இரும்பும் கழன்று மணிக்குப் போகின்றன. 2006-இல் கிறிஸ்டோபல் ஊவாய், ஜார்ஜ் டுப்கோவ்ஸ்கி ஆகியோரின் குழு இந்த மரபணுவைக் காட்டுக் கோதுமையிலிருந்து அடையாளம் கண்டபோது, பயிரிடப்படும் கோதுமைகளில் பெரும்பாலும் அது செயலிழந்த வடிவில் இருப்பது தெரிந்தது. நாம்-பி1 வகை மரபணுக்களின் செயல் தணிக்கப்பட்ட கோதுமையில் இலை மூன்று வாரங்களுக்கு மேல் தாமதமாகப் பழுத்தது. மணியின் புரதமும் துத்தநாகமும் இரும்பும் 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தன.

கருவின் தொடக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இம்தியாஸ் காண்டே, வெங்கடேசன் சுந்தரேசன் உள்ளிட்டோர் 2018 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், பேபி பூம்-1 என்ற காரணி நெல்லின் முட்டையில் இயங்குவதில்லை, கருவுற்றவுடன் தந்தைவழி மரபணுவிலிருந்தே முதலில் வெளிப்பட்டுக் கருவளர்ச்சியைத் தொடங்கி வைக்கிறது என்று காட்டினார்கள். அதை முட்டையிலேயே இயங்கச் செய்தால் கருவுறாமலே கரு உருவாகிறது. மரபணுத் தொகுதியைப் பாதியாக்கும் குன்றல் பிரிவையும் தவிர்த்துவிட்டால் தாயின் அச்சான விதை கிடைக்கிறது. 2022-இல் இம்முறையில் 95 விழுக்காட்டுக்கு மேல் அச்சுவிதை தரும் கலப்பின நெல் உருவாக்கப்பட்டது. ஆண்டுதோறும் புதிதாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் கலப்பின விதையை உழவரே எடுத்துவைத்துப் பயன்படுத்தும் நிலை இதனால் வரக்கூடும். அதனால் இது எனக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு காரணியை மாற்றிச் சத்தைக் கூட்டலாம். ஆனால் அதை அடியோடு நீக்கினால் ஒபேக்-2-க்கு நேர்ந்ததே நேரும், ஏனெனில் அதை நம்பியிருக்கும் பல மரபணுக்களும் ஒருசேரத் தடுமாறும். பலன் தரக்கூடியது, அதன் அளவை ஒரு குறிப்பிட்ட திசுவில் கொஞ்சம் கூட்டுவதோ குறைப்பதோ ஆகும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2018-இல் சீனாவிலிருந்து வந்த தடித்த அலியூரான் நெல். அலியூரான் அடுக்கில்தான் அரிசியின் கொழுப்பும் வைட்டமின்களும் தாதுக்களும் செறிந்துள்ளன. சாதாரண மணியில் அது பெரும்பாலும் ஒற்றைச் செல் வரிசை. டிஎன்ஏ மீது ஒட்டி மரபணுவை அடக்கும் மெத்தில் குறிகளைக் களையும் ராஸ்-1 என்ற நொதியில் வெறும் ஏழு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்த ஒரு சடுதிமாற்றத்தில், ரிஸ்பிஜிப்-1, ஆர்பிபிஎஃப் ஆகிய அதே இணையின் முகப்புகளில் மெத்தில் குறிகள் மிகுந்து, இரண்டும் தணிந்தன. அலியூரான் பல வரிசைகளாகத் தடித்து, புரதமும் நார்ச்சத்தும் வைட்டமின்களும் தாதுக்களும் உயர்ந்தன. அதே ராஸ்-1-ஐத் தாய்வழியில் முழுவதுமாக இழந்த நெல்லில் கருவூண் தொடக்கத்திலேயே சிதைந்து விதை பிழைக்கவில்லை.